துணியோடு அட்டையும்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி ஊருக்குள் நுழைவதும் கடினம். ஊரைவிட்டு வெளியேறுவதும் கடினம். அரக்கோணம் வழியாக வரும் மின்தொடர் வண்டி ஒவ்வொன்றும் காவடிகளையும் மஞ்சளாடை உடுத்தியோரையும் கொண்டுவந்து இறக்கும். மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளிலும் மனிதத் தலைகளே தென்படும். கடைவீதியில் பூவும் பொரியும் தேங்காயும் தவிர வேறு வாணிகம் நடவாது. 2025-ஆம் ஆண்டின் அந்நாளில், கூட்டத்தினூடே வழி செய்துகொண்டு, நம் பங்கைச் சேர்ந்த மாணவி ஒருத்தி பங்கு இல்லத்தின் வாயிலில் வந்து நின்றாள். அவளது துணிப்பையில் ஒரு பழைய மடிக்கணிப்பொறி இருந்தது.

"ஃபாதர், அக்டோபருக்கு அப்புறம் இது வேலைக்காகாதுன்னு இதுவே எழுதிக் காட்டுது. ரிப்பேர் கடை எல்லாம் பூட்டியிருக்கு. குரூப் நாலுக்கு நான் இதுலதான் படிக்கறேன்" என்றாள்.

கடை பூட்டியிருந்ததால் நம்மிடம் வந்தாள் என்பதை வாசகர் நினைவில் கொள்க. அன்று ஒரேயொரு கடை திறந்திருப்பினும், பின்வரும் துயரம் நேர்ந்திராது.

அந்தப் பொறியின் வரலாறு நம் மாவட்டத்தின் வரலாற்றோடு இணைந்தது. பள்ளி, கல்லூரி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கும் திட்டத்தை அந்நாளைய முதலமைச்சர் செல்வி ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைத்தது நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். இம்மாணவியின் தமையன் 2014-இல் அத்திட்டத்தின் வழியே பெற்ற பொறி இது. தமையன் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறான். பொறி வீட்டுப் பொதுவுடைமை ஆகிவிட்டது. மின்கலம் இறந்துபோய், மின்கம்பி செருகியிருந்தால் மட்டுமே உயிர் வாழ்கிறது. அரசு கொடுத்தபோது அதனுள் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரு இயங்குதளங்கள் இருந்தன. யாரோ ஒரு கடைக்காரர் இரண்டையும் அழித்து, நினைவகத்தை நான்கு ஜிபி ஆக்கி, விண்டோஸ் 10-ஐ நிறுவிக் கொடுத்திருக்கிறார். நாம் கண்ட வரையில் இவ்வூர்ப் பக்கத்து அரசு மடிக்கணிப்பொறிகளுள் பெரும்பாலானவற்றின் கதை இதுவே.

இயங்குதளம் என்பது யாது என வினவும் தாய்மார்க்கு ஒரு சொல். கணிப்பொறியில் மின்சாரம் பாய்ந்ததும் விழித்தெழுந்து, திரை, விசைப்பலகை, வன்தட்டு, அச்சுப்பொறி ஆகிய அனைத்தையும் ஏவல் கொள்ளும் அடிப்படை மென்பொருளே அது. விண்டோஸ் 10 எனும் இயங்குதளத்துக்குத் தான் இதுகாறும் வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தப்போவதாக மைக்ரோசாப்ட் நிறுவனம் முன்னரே அறிவித்திருந்தது. தனியே பதிவு செய்துகொள்வோர்க்கு மட்டும் மேலும் ஓராண்டுத் தவணை உண்டு. அந்நாளுக்குப் பின் பொறி நின்றுவிடும் என மாணவி அஞ்சியது சரியன்று. வீடு இடிந்துவிடாது, ஆயினும் ஓடு உடைந்தால் மாற்றித் தருவார் இல்லை. அடுத்ததாகிய விண்டோஸ் 11-க்குச் செல்ல வேண்டுமாயின் டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு அமைப்பும், நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் புதிய தலைமுறைச் செயலியும் பொறியில் இருத்தல் வேண்டும். 2014-ஆம் ஆண்டுப் பொறியில் இவை ஏது? புதுப் பொறி வாங்குவதோ அவ்வீட்டாருக்குப் பல மாதத் தறிக்கூலி. ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் திருட்டுப் பிரதி ஒன்றை ஏற்றித் தருவதாக ஒருவர் கூறியிருந்தாராம். அதைத் தவறு என்று சொல்ல நாம் வாய் திறந்தோம். தவறல்லாத வழி ஒன்றை இதுவரை இவர்களுக்கு நாம் காட்டியதுண்டா என்ற எண்ணம் வரவே, வாயை மூடிக்கொண்டோம்.

நாம் கணிப்பொறி வல்லுநர் அல்லோம். குருமடத்தில் நாம் பயின்ற நாளில் கட்டுரைகளைத் தட்டச்சுப் பொறியில்தான் அடித்தோம். ஆயினும், முன்னொரு பங்கில் பணியாற்றுகையில், உபுண்டு எனும் கட்டற்ற இயங்குதளத்தின் குறுந்தட்டை அஞ்சலில் விலையின்றிப் பெற்றவர் நாம். கேட்டவர்க்கெல்லாம் அஞ்சற்செலவும் இன்றி அதை அனுப்பும் வழக்கம் 2011 வரை இருந்தது. அக்குறுந்தட்டின் துணையால் பங்கு அலுவலகக் கணிப்பொறியை நாமே ஒழுங்குசெய்த பெருமை நம்முள் நெடுங்காலம் குடியிருந்தது. அன்று அப்பெருமையே நம் கண்ணை மறைத்தது.

"கவலை வேண்டாம் அம்மா, நாமே மாற்றித் தருவோம்" என்றோம்.

எந்த இயங்குதளத்தை நிறுவினோம் எனப் பெயர் சொல்ல விரும்பவில்லை, குற்றம் அதனுடையதன்று. கணிப்பொறி அறிந்தோர் மெச்சிப் பேசும் பதிப்பு அது. அவர்கள் மெச்சுவதை நிறுவினால் நாமும் அறிந்தோர் வரிசையில் சேர்வோம் என்று உள்ளூர எண்ணியிருந்தோம் போலும். பென்டிரைவைச் செருகிப் பொறியை இயக்கினோம். நிறுவும் நிரல் வரிசையாகக் கேள்விகள் கேட்டது. வன்தட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவலாமா, முன்னுள்ளதன் அருகே நிறுவலாமா என்பது அவற்றுள் ஒன்று.

"படம் எல்லாம் டி-யில இருக்கு ஃபாதர்" என்றாள் மாணவி.

"டி-க்கு ஒன்றும் ஆகாது" என்றோம் நாம். அழித்து நிறுவுமாறு ஆணையிட்டோம்.

இவ்விடத்தில் வாசகர் சற்று நின்று கேட்க வேண்டும். சி, டி என விண்டோஸ் காட்டுபவை இரு வெவ்வேறு பெட்டிகள் அல்ல. பெரும்பாலான வீட்டுக் கணிப்பொறிகளில் அவை ஒரே வன்தட்டின்மீது கிழித்த கோடுகளே. ஒரே மனையில் நடுவே சுவர் எழுப்பி இரு அறை ஆக்கியது போன்றது. வன்தட்டை முழுவதும் அழி என்றால் சுவரும் போகும், இரு அறைகளும் போகும். விண்டோஸைப் புதிதாக நிறுவும் கடைக்காரர்கள் சி-யை மட்டும் துடைத்து டி-யைக் காப்பது வழக்கமாதலால், டி என்றால் பத்திரம் என்ற நம்பிக்கை நாட்டில் வேரூன்றிவிட்டது. அந்த நம்பிக்கையே நம்முடையதும்.

அரை மணியில் வேலை முடிந்தது. புதிய திரை பளிச்சென்று தோன்றிற்று. மாணவி கோப்புகளைத் திறந்து பார்த்தாள், மீண்டும் பார்த்தாள்.

"டி எங்க ஃபாதர்?"

அவளுடைய தாய் 2021-ஆம் ஆண்டில், கொரோனாவின் இரண்டாம் அலையில் காலமானவர். அடக்கச் சடங்கை நடத்தியவர் நாம். அவ்வம்மையாரின் புகைப்படங்கள் அனைத்தும் அந்த டி-யில் இருந்தன. வேறு பிரதி இல்லை. அவள் அழவில்லை. அழுதிருந்தால் நமக்கு ஏதேனும் ஆறுதல் மொழி தோன்றியிருக்கும். பையை எடுத்துக்கொண்டு, "நான் நாயனாகிட்ட சொல்லல ஃபாதர். நீங்களே சொல்லிடுங்க" என்று மட்டும் கூறிப் புறப்பட்டாள். பொறி நம் மேசைமீது இருந்தது.

அரக்கோணத்தில் நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் உண்டு. இவ்வகை மென்பொருள்களிலேயே புழங்குபவர். தொலைபேசியில் அழைத்தோம். முழுவதும் கேளாமலே, "முதல்ல மெஷினை அணைச்சிடுங்க ஃபாதர். அதுல இனி ஒரு வரிகூட எழுதக்கூடாது" என்றார். காரணத்தை மறுநாள் நேரில் விளக்கினார். வன்தட்டில் ஒன்றை அழிக்கும்போது அது உடனே தேய்த்து நீக்கப்படுவதில்லை. எங்கே எது உள்ளது எனும் அட்டவணை மட்டுமே முதலில் போகிறது. திருமுழுக்குப் பதிவேட்டின் பெயரடைவைக் கிழித்தெறிந்தாலும் உள்ளே பதிவுகள் இருக்குமன்றோ, அதுபோல என்க. ஆனால் புதிதாக எழுதப்படுவது பழையதன் மேலேயே எழுதப்படும். புதிய இயங்குதளம் அமர்ந்த இடத்தில் இருந்தவை மீளா. அது தீண்டாத இடத்தில் இருந்தவை மீளக்கூடும். பொறியில் இருந்தது சுழலும் பழைய வகை வன்தட்டாதலால் பிழைத்தோம். எஸ்எஸ்டி எனப்படும் புதிய வகையாயின், அழித்த இடத்தை அதுவே தூய்மை செய்துவிடும். மீட்பு மிக அரிது.

ஃபோட்டோரெக் எனும் கட்டற்ற மென்பொருளை அவர் ஒரு பென்டிரைவிலிருந்து இயக்கினார். மீட்பவற்றைச் சேமிக்க வேறொரு வன்தட்டு இணைக்கப்பட்டது. அதே தட்டில் சேமித்தால் மீட்பதே அழிப்பதாகும். அது வன்தட்டை முனையிலிருந்து முனை வரை தடவி, புகைப்படத்தின் தொடக்கத்துக்குரிய அடையாளத்தைக் கண்ட இடமெல்லாம் ஒன்றை வெளியே எடுக்கும். இரவு முழுவதும் ஓடிற்று.

மாணவியின் தந்தை அன்றிரவு பங்கு இல்லத்துக்கு வந்தார். நடந்ததை நாமே சொன்னோம். பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்தில் விசைத்தறியில் லுங்கி நெய்பவர். இளமையில் காஞ்சிபுரத்தில் பட்டுத்தறியில் இருந்தவர். நம்மைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. நாற்காலியை வேண்டாவென்று மறுத்துத் தரையில் அமர்ந்து, திரையில் ஏறும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நள்ளிரவளவில் கேட்டார்: "இத எழுதினவங்க காசு கேக்கலையா சாமி?"

கேட்கவில்லை என்றோம். மற்றவையும் சொன்னோம். ரிச்சர்ட் ஸ்டால்மன் எனும் அமெரிக்கர் 1983-இல், யாவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றை ஆக்கத் தொடங்கியது; பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இருபத்தொரு வயதில், 1991-இல் அதற்கு இதயமாய் அமைந்த லினக்ஸை எழுதி வெளியிட்டது; அந்த லினக்ஸே இன்று ஆண்ட்ராய்டு தொலைபேசி ஒவ்வொன்றின் உள்ளும் இருப்பது. மென்பொருளை மட்டுமன்றி அதன் மூல நிரலையும் சேர்த்தே கொடுத்துவிடுவர். ஆகவே அதைத் திறமூலம் என்பர் என்றோம். மூல நிரல் என்பதை எப்படி விளக்குவது என்று நாம் தயங்கினோம். அவர் தயங்கவில்லை.

"துணியோட அட்டையையும் குடுத்துடறாங்கன்னு சொல்லுங்க" என்றார்.

ஜக்கார்டு தறியில் வேலை செய்தவர்க்கன்றி இவ்வுவமை வாராது. சேலையின் கரையில் எந்தப் பூ எங்கே விழ வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகளே முடிவு செய்கின்றன. சேலையை விலைக்கு வாங்கியவர் உடுத்தலாம். அட்டை கையில் இருப்பவரோ அதே சேலையை மீண்டும் நெய்யலாம், பூவை மாற்றி நெய்யலாம், பக்கத்துத் தறிக்கும் கொடுக்கலாம். பிரெஞ்சு நாட்டு லியோன் நகரில் 1804-ஆம் ஆண்டளவில் ஜக்கார்டு அமைத்த தறியின் அட்டைகளைப் பார்த்துத்தான், ஆங்கிலேயராகிய சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கிடும் எந்திரத்துக்குத் துளை அட்டைகளைத் தேர்ந்தார். ஆகவே உவமை அவருடையதாயினும் உண்மை வரலாற்றினது. "முதலாளி அட்டைய மட்டும் கண்ணுல காட்டமாட்டாரு" என்று அவர் சிரித்தபோது, அன்று முதன்முறையாக நமக்கு மூச்சு வந்தது.

விடிந்தபோது அறுநூற்றுச் சொச்சம் படங்கள் மீண்டிருந்தன. பல முழுமையானவை. பலவற்றில் மேற்பாதி படம், கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். திருமணப் படங்கள் ஒன்றும் வரவில்லை. அம்மையாரின் குரல் பதிந்த காணொளி ஒன்று இருந்ததாம், அதுவும் வரவில்லை. கோப்புகளின் பெயர்கள் அனைத்தும் போய்விட்டன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் நீண்ட எண்ணுமே பெயராக இருந்தது.

இனி, எந்த இயங்குதளம் என்ற வினா மீண்டும் எழுந்தது. இம்முறை நாம் தேர்வதில்லை என்று முடிவு செய்தோம்.

கட்டற்ற இயங்குதளங்களில் ஒரு வசதி உண்டு. அதை முதல்முறை நாம் அவசரத்தில் கடந்து சென்றோம். பென்டிரைவிலிருந்தே அவற்றை இயக்கிப் பார்க்கலாம். வன்தட்டைத் தொடவேண்டிய தேவையே இல்லை. பிடிக்கவில்லையெனில் பொறியை அணைத்துப் பென்டிரைவை உருவிவிட்டால், பொறி பழையபடியே இருக்கும். பென்டிரைவ் வழி ஓடுகையில் சற்று மெதுவாக இருக்கும். அதைக் கொண்டு குறை சொல்லலாகாது. ஒலி கேட்கிறதா, கம்பியில்லா இணையம் பிடிக்கிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா என்பவற்றை இவ்வாறு ஒரு மாலைப் பொழுதில் அறிந்துகொள்ளலாம். பொறிக்குப் பொறி இவை மாறுபடுமாதலால், பிறர் வீட்டில் நடந்தது நம் வீட்டிலும் நடக்கும் என்று கொள்வதற்கில்லை.

அரக்கோணத்து இளைஞர் மூன்று பென்டிரைவுகள் தயாரித்தார். ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் மூவரும் அவர்கள் இல்லம் சேர்ந்தோம். மூன்றாமவர் உபதேசியார், பலகாரத்துக்காக வந்தவர்.

முதலாவது, நம் உள்ளம் கவர்ந்தது: பாஸ் லினக்ஸ். டெபியன் எனும் பழம்பெரும் பதிப்பை அடித்தளமாகக் கொண்டு, நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. இந்திய மொழிகளுக்கென்றே கவனத்தோடு செய்தது. நம் நாட்டில், நம் சென்னையில் ஆனது என்ற பெருமிதத்தோடு அதை முதலில் இயக்கினோம். மாணவி பார்த்தாள். "அண்ணன் லேப்டாப்புல இருந்துச்சே, கடைக்காரர் அழிச்சாரே, அதானே ஃபாதர் இது?" என்றாள். ஆம், அதுவேதான். நன்றாகவே ஓடிற்று. ஆனால் சிக்கல் வந்தால் யாரிடம் கேட்பது என்று அவள் வினவியபோது இளைஞர் நேர்மையாகப் பேசினார். அதன்மேல் தமக்குப் பழக்கம் குறைவு என்றும், இணையத்தில் தேடினாலும் உபுண்டு வழிப்பட்டவற்றுக்கே விடைகள் மிகுதி என்றும் கூறினார். நம் முகம் சற்று வாடியிருக்க வேண்டும்.

இரண்டாவது உபுண்டு. தென்னாப்பிரிக்கராகிய மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் தொடங்கியது. நாட்டின் கீழமை நீதிமன்றங்களின் கணிப்பொறிகளுக்கு மின்நீதிமன்றத் திட்டம் தேர்ந்தது இதனையே. கேரளத்துப் பள்ளிகளின் இயங்குதளமும் இதன் வழியில் அமைந்ததே. இரண்டாண்டுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில், ஐந்தாண்டு காலம் திருத்தம் பெறும் நெடுங்காலப் பதிப்பு வரும். புதியவர் இந்நெடுங்காலப் பதிப்புகளை மட்டுமே கொள்ளல் வேண்டும். இடையிடையே வருபவை ஒன்பது மாதத்தில் காலாவதி ஆகிவிடும். ஆயினும் நான்கு ஜிபி நினைவகம் உள்ள அப்பொறியில் அது மூச்சு வாங்கிற்று. திரையின் இடப்புறம் நின்ற பட்டையைக் கண்டு, "எல்லாம் எங்க போச்சு?" என்று தந்தையார் கீழ்மூலையையே தேடிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது லினக்ஸ் மின்ட். அதிலும் எக்ஸ்எஃப்சிஇ எனும் எடை குறைந்த வடிவம். கிளெமென்ட் லெஃபேவ்ர் என்பார் 2006-இல் தொடங்கியது, உபுண்டுவின்மேல் கட்டப்பட்டது. குறைந்தது இரண்டு ஜிபி நினைவகம் போதும். நான்கு இருந்தால் நலம். பட்டியல், விண்டோஸில் பழகிய கண் தேடும் அதே இடக் கீழ்மூலையில் இருந்தது. மாணவி யாரையும் கேளாமல் அதைத் திறந்தாள். கம்பியில்லா இணையத்தைத் தன் தொலைபேசியோடு இணைத்தாள். தேர்வாணையத்தின் பழைய வினாத்தாள் ஒன்றைத் திறந்து படித்தாள். பிறகு தந்தையை அழைத்து உட்காரவைத்தாள். நாம் அருகில் சென்று விளக்க முற்பட்டோம். இளைஞர் நம் சட்டையின் முழங்கையைப் பற்றி இழுத்து நிறுத்தினார். அவர் சுட்டியைப் பிடித்து, தட்டுத் தடுமாறி, ஐந்து நிமிடத்தில் சீட்டாட்டம் ஒன்றைத் தானே கண்டுபிடித்து ஆடத் தொடங்கிவிட்டார். தேர்வு முடிந்தது.

நாம் எதிர்பாராத ஒன்று அதன்பின் நிகழ்ந்தது. மொழிவாரி எல்லைத் திருத்தத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு இணைந்ததை நாம் அறிவோம். எல்லை வகுத்தோரால் வீடுகளுக்குள் கோடு கிழிக்க இயலவில்லை. இவ்வீட்டில் அவ்வாவும் தந்தையும் பேசுவது தெலுங்கு. பிள்ளைகள் படித்தது தமிழ். இளைஞர் உள்ளீட்டு அமைப்பைத் திறந்து தமிழ், தெலுங்கு இரண்டையும் சேர்த்து, ஒரு விசையை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுமாறு செய்தார். விலை இல்லை, தனியே எழுத்துரு வாங்க வேண்டியதும் இல்லை. தமிழுக்குத் தமிழ்99 விசைப்பலகை. சென்னையில் 1999-இல் கூடிய தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு ஏற்றது அது: உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்வரிசை பெரும்பாலும் வலக்கையில். தந்தையார் தம் பெயரைத் தெலுங்கில், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, கால் மணி நேரம் செலவிட்டு எழுதினார். கணிப்பொறியில் அவர் எழுதிய முதற்சொல் அது. அவ்வா அருகில் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உரக்கப் படித்தார்.

திரைப் பட்டியல்களையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நாம் சொன்னோம். மாற்றிக் காட்டவும் செய்தோம். பாதி தமிழாகவும் பாதி ஆங்கிலமாகவும் வந்தது. மொழிபெயர்ப்பாளர் தன்னார்வலர் ஆதலால் வேலை முற்றுப்பெறவில்லை. "இங்கிலீஷ்லயே இருக்கட்டும் ஃபாதர். விண்ணப்பம் எல்லாம் அதுலதான் இருக்கு" என்றாள் மாணவி. நமக்கு இது வருத்தமே. எனினும் அமரப்போவது அவள்.

குறைகளையும் மறைக்காமல் சொல்வோம். தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் அவள் பழகுவது வேறொரு நிறுவனத்தின் சொற்செயலி; இங்கு உள்ளது லிப்ரே ஆபிஸ். கட்டளைகள் இடம் மாறி நிற்கின்றன. பட்டையின் தோற்றத்தை ஓரளவு அதுபோல் மாற்றிக்கொள்ள வழி உண்டு, முழுதும் ஒன்றாகாது. அண்டை வீட்டில் அவர்கள் அச்செடுக்கும் சிறு லேசர் அச்சுப்பொறி, கடைதோறும் காணப்படும் வகையே எனினும், லினக்ஸோடு பேச மறுத்துவிட்டது. இளைஞர் இருமுறை வந்து முயன்று கைவிட்டார். பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையில் அச்செடுக்கிறாள். புதிதாக அச்சுப்பொறி வாங்குவோர் லினக்ஸுக்கு இயக்கி உண்டா எனக் கேட்டு வாங்குக. நம் பங்கு அறிக்கைகளோ பழைய எழுத்துரு முறையில் தட்டச்சிட்டவை. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்ற பின்னரும் நாம் சோம்பி இருந்ததன் பலன் அது. ஒரு நன்மை: கடைகளில் செருகி மீளும் பென்டிரைவுகளில் விண்டோஸுக்கென்று எழுதப்பட்டு ஒட்டிக்கொண்டு வரும் வைரஸ்கள் இங்கு வந்து செயலற்றுக் கிடக்கின்றன.

இம்முறை நிறுவும்போது மீட்ட படங்கள் இரு இடங்களில் பிரதி எடுக்கப்பட்டிருந்தன. ஒன்று தமையனிடம், ஒன்று நம் அலமாரியில். மின்டில் டைம்ஷிஃப்ட் எனும் காவற்கருவி ஒன்று உண்டு. அது காப்பது இயங்குதளத்தை; இயல்பான அமைப்பில் நம் படங்களையும் கடிதங்களையும் அது தொடுவதில்லை. இதை இளைஞர் மூன்று முறை சொன்னார், மூன்று முறையும் நம்மைப் பார்த்தே. வன்தட்டை அழிக்கவா என்ற கேள்வி வந்தபோது அறையில் யாரும் பேசவில்லை. மாணவியே திரையை இருமுறை படித்து, தானே அழுத்தினாள்.

அதன்பின் பலமுறை அவ்வில்லத்துக்குச் சென்றுள்ளோம். இரவு உணவுக்குப் பின் எண்களைப் பெயராகக் கொண்ட படங்களைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு வருகிறார்கள். யாருடைய திருமணம், எந்த ஆண்டுத் திருவிழா, பின்னால் நிற்கும் குழந்தை யார் என்பதெல்லாம் அவ்வாவைக் கேட்டால் தெரியும். சிலவற்றுக்குத் தமிழில் பெயர், சிலவற்றுக்குத் தெலுங்கில். சென்ற முறை நாம் போனபோது பாதிப் படம் ஒன்று திரையில் இருந்தது. சுவரில் தொங்கும் நாட்காட்டி, தாயின் முகம், தோள்வரை தெரிந்தன. அதன் கீழே எல்லாம் சாம்பல். எப்போது எடுத்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை. தந்தையார் அருகில் வந்து, தோளில் தெரிந்த ஒரு விரற்கடை கரையை உற்று நோக்கினார்.

"காஞ்சிபுரத்துல கடைசியா நான் ஓட்டின சேல. கீழ முழுக்க மாங்கா புட்டா" என்றார்.

மாணவி தமிழ்99-இல், திரும்பிப் பார்க்காமலே, "அம்மா, மாங்காய் புட்டா" என்று பெயரிட்டு அடுத்த படத்துக்குச் சென்றாள்.